இரண்டு வீடுகளுக்கு நடுவே இழுக்கும் கேபிள்

கிளிநொச்சியில் கணினி திருத்துவதும் வீடுகளுக்கு வலையமைப்புப் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். ஐப்பசியில் பின்னேர இடிமுழக்கம் தொடங்கியதும் என் மேசைக்கு வரும் ரவுட்டர்களிலும் மடிக்கணினிகளிலும் ஒரே வகையான பழுதைக் காண்கிறேன். விளக்கு எரியும், வைஃபையும் சில வேளை வேலை செய்யும், ஆனால் கேபிள் செருகும் துவாரம் மட்டும் செத்துப்போயிருக்கும். அவற்றில் அனேகமானவை, ஒரே வளவுக்குள் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே கேபிள் இழுத்து இணையத்தைப் பகிர்ந்தவர்களுடையவை.

ஏன் இழுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. பெற்றோரின் வீடு முன்னுக்கும் மணமுடித்த பிள்ளையின் வீடு பின்னுக்கும் இருக்கும் வளவில், ஒரு 4ஜி ரவுட்டருக்குக் கட்டும் காசில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமானது. வைஃபையோ தகரத்தையும் சீமெந்துச் சுவரையும் தாண்டிப் பின்வீட்டை எட்டுவதில்லை. வலையமைப்புக்குப் பாவிக்கும் கேட் 5இ என்ற செப்புக் கேபிள் 100 மீற்றர் வரை போகும் என்று கடையில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த 100 மீற்றர், தரவு பழுதில்லாமல் போய்ச்சேரும் தூரத்தைப் பற்றிய கணக்கே தவிர, வெளியில் இழுப்பது பாதுகாப்பானது என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

பரந்தன் பக்கத்தில் ஒரு வளவுக்குப் போயிருந்தேன். முன்வீட்டில் இருந்து வேப்பமரத்துக்கு, அங்கிருந்து பின்வீட்டுக் கூரை விளிம்புக்கு என்று சேலைக் கிழிசலால் கட்டிய கேபிள் தொங்கியது. ரவுட்டரின் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது எட்டு ஊசிகளில் இரண்டு கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. உயர்தரம் படிக்கும் மகளின் மடிக்கணினியிலும் அதே துவாரம் எரிந்திருந்தது. “தம்பி, மரத்திலயும் மின்னல் விழேல்லை, வீட்டிலயும் விழேல்லை. பிறகெப்பிடி இது எரிஞ்சது?” என்று அந்த அம்மா கேட்டார்.

மின்னல் நேரே விழத் தேவையில்லை. அயலில் எங்காவது விழும்போதே நீண்ட செப்புக் கம்பியில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதோடு, மின்னல் இறங்கிய மண்ணில் இரண்டு வீடுகளின் நிலமும் அந்தக் கணத்தில் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைச் சமன்செய்ய ஓடும் மின்னோட்டத்துக்கு, இரண்டையும் இணைக்கும் கேபிள் வழியாகிவிடுகிறது. துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய மின்மாற்றி 1500 வோல்ட் அளவுக்குத் தாங்கும்படி செய்யப்பட்டது. மின்னல் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தாலும் அது செப்புத்தான். அந்த நேரத்தில் கேபிள் செருகிய மடிக்கணினியை ஒரு பிள்ளை மடியில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஆகவே வீட்டுக்கு வீடு செப்புக் கேபிள் இழுத்துத் தரும்படி கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டு வீட்டிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி வெளிப்புற வயர்லெஸ் கருவி பூட்டுவது. அதை உயரமான இரும்புக் குழாயில் ஏற்றாமல், கூரைத் தாழ்வாரத்தின் கீழ்ச் சுவரில் பூட்ட வேண்டும். மற்றது கண்ணாடி இழைக் கேபிள்: இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் வெளியில் இழுக்கும் சில வகைகளில் தாங்குவதற்காக உருக்குக் கம்பி சேர்ந்திருக்கும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்த வேண்டும். செலவு கூடுதல்தான், ஒரு மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட்டால் குறைவு.

பின்வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றைப் பாவிப்பவர்கள் இன்னொரு சிக்கலில் மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் இணையம் வந்து வந்து போகும். இரண்டாவதை 192.168.1.2 ஆக மாற்றி, அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்திவிட்டால், முகவரி கொடுக்கும் வேலையை முதல் ரவுட்டர் மட்டும் பார்த்துக்கொள்ளும்.

வைஃபை கடவுச்சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலைபேசி இலக்கத்தையோ பிள்ளையின் பெயரையோ வைக்காமல், பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் வைத்து, டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தெரிவுசெய்யுங்கள். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் கடவுச்சொல் வேறொன்று; அதையும் மாற்றாமல் விடாதீர்கள்.

பரந்தன் வீட்டில் இப்போது தாழ்வாரத்துக் கருவிகள் இரண்டு இருக்கின்றன. ஆனாலும் வானம் இருண்டு இடி முழங்கும் முன்பே ரவுட்டரின் பிளக்கையும், சுவரில் இருந்து வரும் கேபிளையும் கழற்றி வைக்கும்படி அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது, கம்பி தொட்டபடியே இருக்கும்.