இரவு பதினொரு மணிப் பசிக்கு என்ன சாப்பிடலாம்?

எடையைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம், ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொல்வேன். பெரும்பாலும் அந்தக் குறிப்பு இரவு எட்டு மணியோடு நின்றுவிடும். காலையில் வெறும் காபி, மதியம் காய்கறி சாலட், இரவு ஒரு கிண்ணம் சூப். "அப்புறம்?" என்று கேட்டால் சற்றுத் தயங்கி, "பத்தரைக்கு மேல கொஞ்சம் பிஸ்கட், படம் பார்க்கும்போது சிப்ஸ்... எனக்குக் கட்டுப்பாடே இல்ல மேடம்" என்பார்கள். அவர்கள் எழுதிய பக்கத்தையே அவர்களிடம் திருப்பிக் காட்டுவேன். பகல் முழுக்க இவ்வளவு குறைவாகச் சாப்பிட்ட உடம்பு, இரவில் கேட்காமல் வேறு எப்போது கேட்கும்?

இரவில் பசிக்கிறது என்பதற்காக யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். உடலின் உள்கடிகாரமே அப்படித்தான் ஓடுகிறது. வெளிச்சம், தூக்கம், உணவு நேரம் எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இளைஞர்கள் தொடர்ந்து இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கியபோது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. பகலில் பட்டினி, இரவில் தூக்கமின்மை இரண்டும் சேர்ந்தால் பிஸ்கட் டப்பா தானாகத் திறக்கும்.

சரி, இரவில் சாப்பிட்டாலே எடை ஏறுமா? எடையைத் தீர்மானிப்பதில் நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்தக் கலோரிக்குத்தான் முதலிடம். ஆனால் நேரத்துக்கும் பங்கு உண்டு. அதிக எடை உள்ள 16 பேருக்கு ஒரே உணவை ஒரே அளவில், ஒரு முறை சீக்கிரமாகவும் மறுமுறை சுமார் நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்தில் உடல் செலவழித்த கலோரியும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பகலில் மிச்சம் பிடித்து இரவில் சாப்பிடும் பழக்கம் எடை குறைக்க உதவாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நான் முதலில் கைவைப்பது காலை உணவில்தான். முட்டை, பால், தயிர், பருப்பு என்று ஏதாவது ஒரு புரதம் காலையிலும் மதியத்திலும் இருக்கட்டும். இரவு உணவு வெறும் சூப்பாக இருக்க வேண்டாம். இதைச் செய்த பலருக்கு இரவுப் பசி தானாகவே தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் பசித்தால் சாப்பிடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இப்போது ஒரு வேகவைத்த முட்டையோ ஒரு ஆப்பிளோ கொடுத்தால் சாப்பிடுவேனா? ஆமாம் என்றால் அது பசி. 'இல்லை, சிப்ஸ்தான் வேண்டும்' என்றால் அநேகமாக அலுப்போ, மன அழுத்தமோ, தூக்கக் கலக்கமோதான்.

பசிக்கு 150 முதல் 200 கலோரி போதும். ஒரு டம்ளர் பால், சர்க்கரை போடாத தயிரில் நறுக்கிப் போட்ட பழம், முட்டையோடு வெள்ளரிக்காய், எண்ணெய் இல்லாமல் பொரித்த பாப்கார்ன் ஒரு கிண்ணம், இதில் எதுவும் சரி. பாதாம், வேர்க்கடலை நல்லவைதான். பத்து பாதாமில் சுமார் 70 கலோரி. ஆனால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தால் பத்தோடு யார் நிறுத்துகிறார்கள்? எண்ணி ஒரு சின்னத் தட்டில் போடுங்கள், டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். சிப்ஸுக்கும் இதே வழிதான். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடும்போது அளவே தெரியாது. சாக்லேட்டில் கஃபீன் உண்டு, அது தூக்கத்தைக் கெடுக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

இரண்டு பேருக்கு மட்டும் இந்தப் பொது ஆலோசனை போதாது. முதலாமவர், இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர். எடை குறைக்கிறேன் என்று இரவுச் சிற்றுணவைத் தாமாக நிறுத்தக் கூடாது. நடுஇரவில் வியர்த்து, நடுங்கி விழித்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் பாதாமோ முட்டையோ உதவாது. குளுக்கோஸோ சர்க்கரை கரைத்த தண்ணீரோதான் வேண்டும்.

இன்னொருவர், தூக்கத்திலிருந்து எழுந்து எழுந்து சாப்பிடுபவர். சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வரும் என்பார். காலையில் பசியே இருக்காது. நாளின் கலோரியில் கால் பங்குக்கு மேல் இரவு உணவுக்குப் பிறகே உள்ளே போகும். இதை 1955-இலேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கோளாறாக விவரித்திருக்கிறார். இவர்களில் பலர் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் போனால் பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. உணவுப் பட்டியலுக்கு அப்புறம் என்னிடம் வரலாம்.