வலிக்காத சொத்தையை எதற்கு அடைக்க வேண்டும்?

“வலியே இல்லையே டாக்டர், அப்புறம் எதற்கு அடைக்கணும்?” பல்லில் இருக்கும் கறுப்புக் குழியைக் கண்ணாடியில் காட்டியதும் பெரும்பாலும் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் சொத்தை விஷயத்தில் வலியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பே கிடையாது. அங்கே எவ்வளவு அரித்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தில் பிஎச் அளவு (இது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அதை மெல்ல மெல்லச் சரிசெய்துவிடும். ஆனால் அதற்கு அரை மணி நேரமோ, சிலருக்கு இன்னும் கூடுதலாகவோ ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாய், இன்னொரு வாய் இனிப்பு பானம் என்று போய்க்கொண்டே இருந்தால் எச்சிலுக்கு அவகாசமே கிடைக்காது. ஒரே வேளையில் நிறைய இனிப்பு சாப்பிடுபவரைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பவருக்குத்தான் சொத்தை அதிகம் வருகிறது.

முதலில் பல்லில் பளபளப்பு இழந்த ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். மேற்பரப்பு உடையாதவரை இதை அடைக்க வேண்டியதில்லை. ஃப்ளோரைடு பேஸ்ட்டும் (உறையில் 1000 முதல் 1500 பிபிஎம் என்று போட்டிருக்கும்) ஃப்ளோரைடு பூச்சும் அதை அங்கேயே நிறுத்திவிடலாம். திட்டைப் பார்த்த உடனே ட்ரில்லைக் கையில் எடுப்பது அவசரம் என்பதே என் கருத்து.

குழி விழுந்த பிறகு கதை வேறு. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மென்மையானது. சொத்தை அங்கே போனதும் பக்கவாட்டில் பரவும். வெளியே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, உள்ளே திறந்து பார்த்தால் பாதிப் பல் குழைந்து கிடக்கும். இரண்டு பற்களுக்கு நடுவே விழும் சொத்தை இன்னும் மோசம். அது எங்கள் கண்ணுக்கே படாது. பற்களைக் கடித்தபடி எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில்தான் தெரியும். “கண்ணுக்குத் தெரியாததற்கு எக்ஸ்ரே எதற்கு?” என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகத்தான்.

சரி, வலி வந்த பிறகு? அப்போது அது எப்படிப்பட்ட வலி என்பதை நாங்கள் கவனமாகக் கேட்போம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, தண்ணீரை விழுங்கியதும் நின்றுவிடுகிறது என்றால் மனம் கொஞ்சம் நிம்மதியாகும். பெரும்பாலும் ஃபில்லிங்கிலேயே முடித்துவிடலாம். சூடாகக் குடித்தால் ஆரம்பிக்கிறது, நிமிடக் கணக்கில் நிற்கிறது, ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறது, எந்தப் பல் என்றே சொல்ல முடியவில்லை என்றால் பல்லின் நடுவே உள்ள கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் பகுதி, தேறாத அளவுக்கு வீங்கிவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். அதன்மேல் சிமெண்டை வைத்து மூடினால் வலி போகாது. வேர் சிகிச்சைதான், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டியதுதான். “ரூட் கேனால் வேண்டாம் டாக்டர், சும்மா அடைத்துவிடுங்கள்” என்று கெஞ்சுபவர்களிடம் எனக்கும் சொல்ல வேறொன்றும் இருப்பதில்லை.

இதைவிட என்னைக் கவலைப்படவைக்கும் பேச்சு ஒன்று உண்டு: “போன மாதம் உயிர் போனது, இப்போது தானாகவே நின்றுவிட்டது.” கடுமையான வலி மருந்தில்லாமல் நின்றால், உள்ளே இருக்கும் கூழ் செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, அடுத்த முறை வீங்கிய கன்னத்தோடு உங்களைக் கொண்டுவந்து உட்காரவைக்கும்.

குழி சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மரத்துப்போக ஊசி போடுவோம், ஆழமில்லாவிட்டால் அதுகூட வேண்டாம். சொத்தையைச் சுரண்டி எடுப்போம். நோயில்லாத இடத்தையும் சேர்த்து வெட்டும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அன்றைய வெள்ளி நிற உலோகக் கலவையான அமால்கம் பல்லில் ஒட்டாது, சிக்கி நிற்க இடம் வெட்டித் தர வேண்டும். பல் நிறத்தில் இருக்கும் இன்றைய பிசின் கலவையான காம்போசிட் ஒட்டிக்கொள்ளும், அதனால் கெட்டதை மட்டும் எடுத்தால் போதும். மிக ஆழமான சொத்தை என்றால் கூழுக்குப் பக்கத்தில் இருக்கும் மென்மையான அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு மேலே மூடுவதும் உண்டு. “சொத்தையை உள்ளே வைத்தா மூடுவீர்கள்?” என்று அதிர்ச்சி அடைவார்கள். சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் கிருமிகளுக்குத் தீனி கிடைக்காது. தோண்டித் தோண்டி நரம்பைத் திறந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து, எனாமலில் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி உலர்த்துவோம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகி, அந்த இடம் பனி படிந்ததுபோல் வெளுக்கும். பசையைத் தடவி, காம்போசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நீல விளக்கு காட்டி இறுக வைப்போம். மொத்தமாக அப்பினால் அடிவரை வெளிச்சம் போகாது, சுருங்கும்போது ஓரமும் விலகும். இந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டுதல் கெட்டுவிடும். நாங்கள் பஞ்சை மாற்றி மாற்றித் திணிப்பதும், பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவதும் இதற்காகத்தான். மூச்சு முட்டுமோ என்று பயப்பட வேண்டாம், மூக்கு திறந்துதான் இருக்கிறது. நாக்கை மட்டும் அடக்கி வையுங்கள்.

கடைசியில் ஒரு நீலத் தாளைக் கடிக்கச் சொல்வோம். மையின் தடம் ஃபில்லிங்கின் ஒரே இடத்தில் அழுத்தமாக விழுந்தால் அங்கே உயரம், தேய்த்துச் சரிசெய்வோம். மரத்துப்போன வாயால் சரியாகக் கடிக்க வராது என்பதால், சிலருக்கு மறுநாள்தான் அது இடிப்பது தெரியும். பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வேரைச் சுற்றியுள்ள நார்கள் நசுங்கி, கடித்தாலே வலிக்க ஆரம்பிக்கும். வந்தால் ஒரு நிமிட வேலை.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது பலமானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையை ஒட்டிப் பயன்பாடு குறைந்துவருகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் பொதுவாக அதை நிறுத்திவிட்டது. அதற்காக, நன்றாக இருக்கும் பழைய அமால்கத்தைப் பயந்து போய் எடுக்க வேண்டாம். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும். கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள் ஃப்ளோரைடைக் கசியவிடும், பால் பற்களுக்கும் ஈறு ஓரத்துக்கும் பொருத்தம், கடைவாயில் சீக்கிரம் தேயும். பல்லின் முகடே உடைந்துபோயிருந்தால் எந்த ஃபில்லிங்கும் தாங்காது, கேப் மாதிரி ஏதாவது வேண்டும்.

தற்காலிக ஃபில்லிங் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் சில வகை கிராம்பு வாசம் அடிக்கும். அதிலுள்ள யூஜெனால் நரம்பைச் சாந்தப்படுத்துவதால் வலி நின்றுவிடும். வலி நின்றதும் ஆளும் வருவதில்லை! சில வாரங்களுக்கு மட்டும் வைத்த பொருள் அது. தேய்ந்து கசியும், அடியில் சொத்தை மறுபடி தொடங்கும்.

நிரந்தர ஃபில்லிங்குக்குப் பிறகு சில நாட்கள் குளிர்ச்சிக்குக் கூச்சம் இருப்பது வழக்கம்தான். நாளாக ஆகக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ தூக்கத்தைக் கெடுத்தாலோ காத்திருக்க வேண்டாம். அப்புறம், பல்லிடுக்கு நூல் போடும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கிப் பிரிகிறதா, உணவு அங்கேயே மாட்டுகிறதா என்று பாருங்கள். ஃபில்லிங்கின் ஓரம் உடைந்தோ துருத்தியோ இருக்கலாம். அந்த நிலையில் வந்தால் பல நேரம் முழுவதையும் பெயர்க்க வேண்டியிருக்காது, ஓரத்தை மட்டும் செப்பனிட்டு அனுப்பிவிடலாம்.