ஸ்டெம் செல்லுக்குத் தானாக வழி தெரியாது

போன வாரமும் ஒரு அப்பா வந்திருந்தார். மகன் பைக்கிலிருந்து விழுந்து தண்டுவடம் நசுங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இதுவரை நான்கு ஸ்டெம் செல் ஊசி போட்டாகிவிட்டது, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில். "உள்ளே விட்டாப் போதும், அதுவே அடிபட்ட இடத்தைத் தேடிப் போய் நரம்பா மாறிடும்னு சொன்னாங்க சார்" என்றார். ஐந்தாவது ஊசி போடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்.

"அதுவே மாறிடும்." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். நரம்புத் திசுவின் செல்களாக மாறக்கூடிய நரம்பு ஸ்டெம் செல்களைத் தினமும் வளர்க்கிறவன் சொல்கிறேன்: நாம் விரும்பும் செல்லாக அது தானாக மாறிவிடாது. ஒட்டிக்கொள்ள என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் போக்கு அமையும்.

எங்கள் லேபில் புதிதாகச் சேரும் மாணவர்கள் ஒரு தடவையாவது செல் வளர்க்கும் தட்டுக்குப் பூச்சு போட மறப்பார்கள். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக மிதக்கும். அதே செல், அதே மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்). தட்டில் செல் பற்றிக்கொள்ள உதவும் பாலிஆர்னிதினும் அதன்மேல் லாமினின் என்ற புரதமும் பூசியிருந்தால், அடியில் ஒட்டிப் படர்ந்து இழை நீட்டத் தொடங்கியிருக்கும்.

பூச்சு சரியாக இருந்தாலும் போதாது. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் நரம்பு ஸ்டெம் செல்களை வெவ்வேறு மென்மையுள்ள ஜெல்களில் வளர்த்துக் காட்டினார்கள். மூளைத் திசுவைப் போல 100 முதல் 500 பாஸ்கல் வரை (இறுக்கத்தை அளக்கும் அலகு) மெத்தென்று இருந்த ஜெல்லில் நரம்புச் செல்கள் அதிகம் உருவாயின. 1,000 முதல் 10,000 பாஸ்கல் வரை இறுகியபோது, நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையா செல்கள் அதிகமாயின. பரப்பில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் இழைகள் அந்த வரியோடேயே ஓடும்.

இவ்வளவு பார்க்கிற செல்லைத் தண்டுவட நீருக்குள் ஊசியால் விட்டால்? பெரும்பாலானவை சில நாளிலேயே செத்துப்போகும். அடிபட்ட இடத்தில் பல நேரம் நீர் நிறைந்த குழிதான் இருக்கும். 2012-இல் அமெரிக்காவின் சான் டியாகோ ஆய்வுக் குழு, தண்டுவடம் அடிபட்ட எலிகளில் நரம்பு ஸ்டெம் செல்லை வைத்தபோது, அந்த இடத்தில் தங்குவதற்காக ஃபைப்ரின் என்ற ரத்தம் உறையவைக்கும் புரதத்தில் கலந்து, செல் வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் சேர்த்தே வைத்தார்கள். இங்கே போடப்படுவதோ பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைச் செல். நரம்பு ஸ்டெம் செல்லே கிடையாது.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பார்கள். மாஸ்கோவில் நரம்பு ஸ்டெம் செல் செலுத்தப்பட்ட ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு, தானமளித்தவரின் செல்களிலிருந்தே கட்டிகள் வளர்ந்தன. 2009-இல் அது மருத்துவ இதழில் வெளியானது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பில் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். எண் இருக்கிறது என்பதற்காகவே சிகிச்சை நிரூபணமாகிவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள்.

அந்த அப்பா போனில் மகனின் படத்தைக் காட்டினார். குதிகாலில் படுக்கைப் புண். அடுத்த ஊசிக்குப் பணம் சேர்க்க, இரண்டு மாதமாக பிசியோதெரபியை நிறுத்தியிருக்கிறார்கள். ஐயா, முதலில் புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள், திங்கட்கிழமையே பிசியோதெரபிக்குக் கூட்டி வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.