நாவல் பாத்திரங்களின் உறவு வரைபடம்: கோடு போடும் முன் பெயர்களைச் சரிபாருங்கள்

பாத்திரங்களைப் புள்ளிகளாகவும் அவர்களின் உறவுகளைக் கோடுகளாகவும் வரையும் ஜெஃபி (Gephi) மென்பொருளில் விரியும் பாத்திர வலைப்படம் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே தரவு தவறாக இருந்தாலும் அதே அழகோடுதான் இருக்கும். அதனால் ஆய்வு மாணவர்களுக்கு நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான்: பாதி நேரத்தையாவது பெயர்ப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள்.

அதற்கும் முன்னால் மூலப் பிரதி. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் உள்ளவை போன்ற பழைய பதிப்புகளில், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்கள், அச்சுப் பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரியை (OCR) தடுமாற வைக்கும். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறி விழும். 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பிரதி முழுவதையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தக் குறியீட்டுச் சிக்கல் தீரும்.

பெயர்களில்தான் உண்மையான உழைப்பு. 'வந்தியத்தேவன்' என்று தேடினால் 'வந்தியத்தேவனை', 'வந்தியத்தேவனுக்கு' இரண்டுமே அகப்படாது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசிப் புள்ளி போய்விடுகிறதே! புள்ளியை நீக்கிய அடியைத் தேட வேண்டும். 'சுந்தரம்' போன்ற பெயருக்கு அதுவும் போதாது; 'சுந்தரத்தை', 'சுந்தரத்திடம்' என்று அடியே மாறும். நீளமான பெயரை முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் மணிமேகலைக்குள் மணி வந்து உட்கார்ந்துவிடுவான். அடுத்தது மாற்றுப்பெயர். பொன்னியின் செல்வனில் ஆழ்வார்க்கடியான்தான் திருமலை, திருமலை ஊரும்கூட. 'இளவரசர்' என்பது அருள்மொழியையும் குறிக்கும், ஆதித்த கரிகாலனையும் குறிக்கும். இதை அத்தியாயம் அத்தியாயமாக மனிதர்தான் படித்துத் தீர்க்க வேண்டும்.

சென்னைக் கதைகளில் ஊரே குழப்பும். 'அசோக் நகரில் இறங்கினாள்', 'ரங்கநாதன் தெருவில் கூட்டம்': இவற்றில் அசோக்கும் ரங்கநாதனும் பாத்திரங்கள் அல்லர். 'அண்ணா' கூடப்பிறந்தவரா, சாலையா? ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழு வெளியிட்ட இண்டிக்என்இஆர் (IndicNER) என்ற மென்பொருள் மாதிரி, உரையில் உள்ள பெயர்களை ஆள், இடம், நிறுவனம் என்று பிரித்துத் தரும். முதல் வடிகட்டியாக அதை வைத்துக்கொள்ளலாம், முடிவாக ஏற்கக் கூடாது. தமிழ் இலக்கணமும் கைகொடுக்கும்: 'மணி அடித்தது' என்றால் பொருள், 'மணி சிரித்தான்' என்றால் ஆள்.

எழுவாயே இல்லாமல் 'சிரித்தாள்' என்று முடியும் வாக்கியங்கள் தமிழில் ஏராளம். அவற்றை விட்டுவிட்டால் பெயர் சொல்லி அழைக்கப்படாத பாத்திரங்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், படத்தில் சிறுத்துப்போவார்கள். 'அத்தை', 'மாமா' எல்லாம் பேசுபவரைப் பொறுத்து ஆள் மாறுபவை. ஆகவே ஒவ்வொரு உரையாடலுக்கும் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று குறிப்பது அவசியம்.

கோடு போட பலரும் ஒரே பத்தியில் இரண்டு பெயர் வருவதை அளவாகக் கொள்கிறார்கள். காட்சியை அலகாகக் கொள்வது மேல். நேரில் இருப்பவரையும் பேச்சில் மட்டும் வருபவரையும் வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள்; இல்லையென்றால் முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோன தாத்தா கதையின் நடுநாயகமாகிவிடுவார். சேர்ந்து வருவது நெருக்கமும் ஆகாது. பகையாளிகளும் சேர்ந்துதான் வருவார்கள்.

கடைசியில் இரண்டு அத்தியாயங்களைக் கையால் குறித்து, மென்பொருள் தந்ததோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போன பெயர்கள் அதிகமென்றால் பட்டியலில் மாற்றுப்பெயரோ உருபேற்ற அடியோ குறைகிறது. தவறாகச் சேர்ந்தவை அதிகமென்றால் ஏதோ ஒரு குட்டிப் பெயர் நீண்ட பெயருக்குள்ளோ தெருப் பெயருக்குள்ளோ புகுந்திருக்கிறது.