ஏரிக்கரையில் நான்கு பருவங்களும் 4 டிகிரியும்

குளிர்காலத்தில் உறையக்கூடிய மலை ஏரியொன்றின் கரையில் அமைந்த பூங்காவுக்கு ஆண்டு முழுவதும் சென்றுவருபவர், பூங்காவின் பருவமும் ஏரியின் பருவமும் ஒன்றாக நடப்பதில்லை என்பதை விரைவிலேயே கண்டுகொள்வார். மரங்கள் தளிர்த்த பின்னும் தண்ணீரில் விட்ட கை விறைத்துப்போகும். இலைகள் உதிரும் நாட்களிலோ, காற்றைவிடத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதே கனஅளவுள்ள காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல 3,000 மடங்குக்கும் மேல் என்பதால், ஏரி மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுகிறது.

ஆனால் இந்தத் தாமதத்தைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும்; நன்னீரோ ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் உச்ச அடர்த்தியை எட்டி, அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் இலேசாகிவிடுகிறது. ஏரியின் ஆண்டு முழுவதற்குமான நடத்தை இந்த ஒரு விதிவிலக்கைச் சுற்றியே அமைகிறது.

கோடையில் வெயில் மேல்நீரைச் சூடாக்க, இலேசான அந்த நீர் கீழே உள்ள குளிர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நீந்துபவர் நீரில் நிமிர்ந்து நின்று காலைத் தொங்கவிட்டால், மார்பளவு இதமாக இருக்கையில் பாதத்தில் மட்டும் பனிக்கட்டியைத் தொட்டாற்போன்ற குளிர் படுவதுண்டு. இந்த அடுக்குகள் எளிதில் கலப்பதில்லை. அடியில் மக்கும் இலைதழைகள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்க, மேலிருந்து புதிதாக எதுவும் இறங்குவதில்லை.

என்னைக் கேட்டால், பூங்காவுக்குச் செல்ல மிகச் சிறந்த நேரம், சுற்றுலாக் கூட்டம் கலைந்துவிட்ட இலையுதிர்காலத்து விடியற்காலைதான். வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி, இரவில் சரிவிறங்கி வந்த குளிர்காற்றில் பட்டுச் சிறு துளிகளாகக் குவிந்து, பரப்பின்மேல் சுருள் சுருளாக எழுகிறது. அந்த ஆவி ஏரியின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. குளிர்ந்த மேல்நீர் கனத்து மூழ்க, ஒருநாள் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகின்றன. அதன்பின் ஒரு பலத்த காற்றே ஏரியை அடிவரை புரட்டிப்போடப் போதும். ஆக்சிஜன் அடிக்குப் போகிறது, அடியில் தேங்கிய ஊட்டப்பொருள்கள் மேலே வருகின்றன. சில ஏரிகளில் அந்நாட்களில் சேற்று வாடைகூட வீசும்.

மேல்நீர் 4 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மூழ்குவது நின்றுவிடுகிறது. அது மேலேயே தங்கிக் குளிர்ந்து உறைகிறது. பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது என்பதால் மிதந்து மூடிபோல் நிற்க, அடியில் 4 டிகிரிக்கு அருகிலுள்ள நீரில் மீன்கள் பிழைத்துக் கிடக்கின்றன. வெப்பநிலை சட்டென்று மாறும் மாலைகளில் பனித்தளம் விரிசல்விட்டு, சாட்டையைச் சுழற்றினாற்போல் 'விய்யூ' என்று ஒலிப்பதைக் கரையிலிருந்தே கேட்கலாம்: பனித்தகட்டில் உயர்ந்த சுருதி அதிர்வுகள் வேகமாகவும் தாழ்ந்தவை மெதுவாகவும் பயணிப்பதால், ஒரே வெடிப்பு காதில் இழுபட்டு இறங்குகிறது. (ஓடை வந்து சேரும் இடத்தில் பனி மெலிந்திருக்கும், அங்கே காலை வைக்க வேண்டாம்.)

வசந்தத்தில் பனித்தளம் வெளேரென்று இருந்த நிலை மாறிக் கருத்து, செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, அலையில் உரசிக் கண்ணாடி வளையல்கள்போல் கலகலக்கும். அது கரைந்து, மேல்நீர் மீண்டும் 4 டிகிரியை எட்டும்போது ஏரி இரண்டாம் முறை புரள்கிறது. எல்லா மலை ஏரிகளும் இப்படி இருமுறை புரள்வதில்லை. உறையாத ஆழமான ஏரிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் ஒருமுறையே கலக்கின்றன, ஆழமற்றவையோ காற்றடிக்கும்போதெல்லாம் கலங்குகின்றன. உறையும் ஏரியில் இந்த வசந்தப் புரட்டல் சில நாட்களிலேயே முடிந்துவிடக்கூடும் என்பதால், பூங்காவில் பூக்கள் மலரட்டும் என்று காத்திருந்து வருபவர் அதைப் பெரும்பாலும் தவறவிட்டிருப்பார்.