அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நாலைந்து நாள் காய்ச்சலோடு யார் வந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதும் முன்பே நான் கேட்பது ஒன்றுதான்: "உடம்பில் எங்கேயாவது வலிக்காத கறுப்புப் புண் இருக்காம்மா?" "அதெல்லாம் இல்லைங்க டாக்டர்" என்பார்கள். தேடிப் பார்த்தால் பலருக்கு இருக்கும். அக்குளில், மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், தொடையிடுக்கில், காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம். வலி இல்லாததால் அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்தவர்களும் அட்டை கடித்த தழும்பு என்று விட்டிருப்பார்கள். அட்டை மேல் ஏன்தான் இத்தனை பழியோ, அது ரத்தம் குடிப்பதோடு சரி.

இது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். இதை உண்டாக்கும் கிருமி ஓரியென்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. மாட்டில் ஒட்டுகிற உண்ணி இதைப் பரப்புவதில்லை. பரப்புவது மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணி, அதிலும் முட்டையிலிருந்து வந்த ஆறுகால் குஞ்சு மட்டும். கண்ணுக்குத் தெரிவதே அரிது. வளர்ந்து எட்டுக்கால் வந்தபிறகு மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று கிடக்கும், நம் பக்கம் வராது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஒரு தடவை அதற்கு ஒரு விலங்கின் தோல் வேண்டும். வழக்கமாக அது எலி. எலியின் காதுமடலில் கூட்டமாக ஒட்டியிருக்கும். தேயிலை வரப்பின் புல்லிலோ லாண்டானா புதரிலோ காத்திருக்கும்போது, எலிக்குப் பதில் கொழுந்து பறிக்க வந்தவரின் கால் உரசினால் அதில் ஏறிக்கொள்ளும். ரத்தம் குடிக்காது. எச்சிலால் தோலைக் கரைத்து, அந்தக் கூழைச் சில நாட்கள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். கிருமி இறங்குவது அந்த எச்சிலோடுதான்.

ஒரு கேள்வி வரும். ஆயுளில் ஒரே தடவை கடிக்கிற பூச்சி, ஓர் உடம்பிலிருந்து கிருமியை எடுத்து இன்னோர் உடம்பில் எப்படி விடும்? பெரும்பாலும் விடுவதில்லை. கடிக்கும் முன்பே கிருமி அதற்குள் இருக்கிறது. தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு, அதன் முட்டை வழியாக அடுத்த குஞ்சுக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சில வகைகளில், கிருமி உள்ள தாய்க்குப் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறந்திருக்கின்றன. முட்டை வழியே போகும் கிருமிக்கு ஆண் குஞ்சால் என்ன லாபம்? இந்த ஏற்பாட்டில் மனிதனுக்கு இடமே இல்லை. தவறி நம் உடம்புக்குள் வந்துவிட்டால் அதற்கு வெளியே போக வழியும் இல்லை. அதனால் இந்தக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம்.

சிற்றுண்ணியோடு சமாதானமாக இருக்கும் கிருமி நம்மிடம் வந்தால் அப்படி இருப்பதில்லை. இறங்கிய இடத்திலேயே பெருகும். அங்கே தோல் செத்துக் கறுப்பதுதான் அந்தப் பொருக்கு. நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியை விழுங்கினாலும், விழுங்கிய பையை உடைத்து வெளியே வந்து, அந்தச் செல்லின் உட்கரு அருகில் போய்ப் பெருகுகிறது. அடுத்து ரத்தக்குழாய்களின் உள்சுவர். நுண்ணிய குழாய்கள் கசியத் தொடங்கினால் எந்த உறுப்பும் தப்பாது. முதல் வாரம் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. இரண்டாம் வாரம் மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு, உளறல். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவதால் டெங்கு என்று நினைத்துவிடுவதும் உண்டு. கடித்ததற்கும் காய்ச்சலுக்கும் இடையே ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதற்குள் எந்தப் புதரில் உட்கார்ந்தோம் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலினும் செஃபிக்சைமும் இதற்கு உதவாது. அவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்துகள். இந்தக் கிருமிக்கு அந்தச் சுவர் மிகவும் மெலிந்தது, போதாக்குறைக்கு அது இருப்பதும் நம் செல்லுக்குள். டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் போய் வேலை செய்யும். விலையும் குறைவுதான். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. குழந்தைக்குப் பல் கறையாகிவிடும் என்று சில பெற்றோர் டாக்ஸிசைக்ளின் வேண்டாம் என்கிறார்கள். சில நாட்கள் மட்டும் கொடுப்பதால் அப்படிக் கறை படிவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும்.

ரத்தப் பரிசோதனை (ஐ.ஜி.எம். எலைசா) தேடுவது கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்பொருளை, அதனால் முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்றே வரலாம். பொருக்கும் எல்லாருக்கும் இருப்பதில்லை. அறிகுறிகள் பொருந்தினால் முடிவுக்குக் காத்திராமல் நான் மருந்தைத் தொடங்கிவிடுவேன். அதற்கு எனக்கு வேண்டியது நீங்கள் சொல்லும் விவரம்: கேரட் தோட்டத்தில் களை எடுத்தீர்களா, விறகு பொறுக்கப் போனீர்களா, வீட்டில் எலித் தொல்லை உண்டா.

தடுப்பூசி கிடையாது. வேலைக்குப் போகும்போது முழுக்கை, கணுக்காலை மூடும் உடை. மதியச் சாப்பாட்டுக்குப் புல்லில் உட்காரும்போது கீழே ஒரு படுதா. துவைத்த துணியைப் புதர் மேல் காயப்போடும் பழக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்னும் இருக்கிறது, கொடி கட்டிவிடுங்கள். வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். கழற்றிய உடையைக் கட்டிலில் போடாமல் நேராகச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள்.

குளிக்கும்போதே அக்குளையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டக் கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், அவர் திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வார்.