இரண்டு வாசிப்பு

புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஏன் ஒரே சொல் என்று அக்கா மகளைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8இல் ஒரு பாட்டு ஓடினால் போதும், இரண்டாவது சரணத்துக்குள் கீபோர்டில் மெட்டைப் பிடித்துவிடுவாள். ஆனால் பியானோ கிரேடு தேர்வில், முன்பின் பார்க்காத நோட்ஸை, அதாவது அச்சிட்ட இசைக்குறிப்பைக் கொடுத்து, அரை நிமிடம் பார்த்துக்கொள், அப்புறம் வாசி என்று சொல்லும் பகுதி வந்தால் திக்கித் திணறுவாள்.

கேட்டு வாசிப்பவர் காதில் சுரம் தனியாக விழுவதில்லை. ‘ச’ எங்கே என்று பிடிபட்டதும் மற்றவை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்றுதான் மூளை பார்க்கிறது. ச, ப அதிர்வெண் விகிதம் 2:3, ச, மேல் ச 1:2. விகிதம் மாறாதவரை சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் அதே பாட்டுதான். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையைப் பாடிப் பாடி உள்ளே இறக்குவதும் இந்தத் தூரங்களைத்தான். அப்புறம் அது கைக்குப் போகிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இசையே பழகாதவர்களுக்கு ஒரு சின்ன மெட்டைக் காதால் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஸ்கேனருக்குள் அசையாமல் படுத்து அதைக் கேட்டபோதே, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன.

நோட்ஸ் பார்த்து வாசிப்பது வேறு திறமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 247 எழுத்தும் தெரியும், அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்ற ஊகம்தான் வராது. இசையிலும் அதே கதை. 1974இல் ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர், ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நோட்ஸைக் கண்ணிலிருந்து மறைத்துப் பார்த்தார். தேர்ந்தவர்கள் அதற்குப் பிறகும் ஏழு சுரம் வரை சரியாக வாசித்தார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரு சொற்றொடர் முடிகிற இடத்தில் போய் நின்றார்கள். கண் முன்னால் ஓடி, சுரங்களைக் கொத்துக் கொத்தாக அள்ளுகிறது. எது கொத்து என்று சொல்வது காது. அக்கா மகளுக்குக் காது இருக்கிறது, கண்தான் இன்னும் எழுத்துக்கூட்டுகிறது.

ஊகத்துக்கு ஒரு விலையும் உண்டு. ‘சிராங்கூன்’ என்ற இடப்பெயர் அச்சில் ‘சிராகூன்’ என்று விழுந்தால் நாம் கவனிக்காமலே தாண்டிவிடுவோம், இல்லையா? பியானோ கலைஞர் போரிஸ் கோல்டோவ்ஸ்கியிடம் ஒரு மாணவி, இசையமைப்பாளர் பிராம்ஸின் கப்ரிச்சியோ என்ற வகைப் பியானோ இசை ஒன்றை வாசித்தபோது ஒரு சுரம் உதைத்தது. திருத்தச் சொன்னார். நோட்ஸில் இப்படித்தான் இருக்கிறது என்றாள். பார்த்தால் உண்மையிலேயே அச்சுப்பிழை. பிறகு அதே பக்கத்தை, பிழை இருக்கிறது என்று சொல்லியே, வேகமாக வாசிக்கும் பலரிடம் கொடுத்துப் பார்த்தார். வாசிக்கும்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை, கை தானாகவே சரியான சுரத்துக்குப் போய்விட்டது. பிடித்துக் கொடுத்தவள் நோட்ஸ் வாசிப்பதில் பின்தங்கிய அந்த மாணவிதான்.

இதை அக்காவிடம் சொன்னேன்.

“போய் எக்ஸாமினர்கிட்ட சொல்லுடா” என்றாள்.